பாதியாகக் குறைந்த வருகை

ராமேஸ்வரம் விடுதிகளில் அறை பதிவு செய்து தரும் எங்கள் இணையதளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று காட்டும் மென்பொருளை மாற்றினோம். விற்பனைக் குழுவைப் புதியதற்குப் பழக்குவது என் வேலை. முதல் நாளே வருகை பாதியாகத் தெரிந்தது.

"ஏத்தா, பழசையே போட்டுரு" என்றார் குழுத்தலைவர் முருகேசன் அண்ணன்.

காரணத்தைத் தேடினேன். பக்தர்கள் போனில் கேட்கும்போதெல்லாம் அறை பார்க்க நாங்களே தளத்தைத் திறப்போம். புதியதை அமைத்தவர்கள் எங்கள் அலுவலக இணைய இணைப்பிலிருந்து வரும் வருகைகளை எண்ணாமல் கழித்திருந்தார்கள். பழையதை அமைத்தபோது அவற்றைக் கழிக்காமல் விட்டவள் நான். அந்த எண்ணிக்கைக்குப் பாராட்டும் வாங்கியிருந்தேன்.

எல்லார் முன்னும் அதைச் சொன்னேன்.

"முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்த்தா."

"போனாப் போகட்டும்ண்ணே. நம்மள நாமளே எண்ணிக்கிட்டு இருக்க ஏலாது."

மறுநாள் அந்தப் பாதியைத்தான் முதலாளி முன் வைத்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்து வேலைக்கு வந்தவள் நான். தலைநிமிர்ந்து நான் காட்டிய முதல் எண்ணிக்கை அதுதான்.