மாசிலாமணி அண்ணனின் முதுகு

அரிவாளோடு வந்த நாற்பது அடியாட்களை ஒற்றைத் தப்புக் குச்சியால் நான் விரட்டிய கதையை நீடாமங்கலம் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"சித்தப்பா, அப்பா போயிட்டாங்க" என்றாள் மலர்.

கதையை அத்தோடு நிறுத்தினேன். அதைப் பொய் என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் அவள் அப்பா மாசிலாமணி அண்ணன்தான். கடைசி வரை அவர் சொல்லவில்லை.

கீழ்வேளூர்ப் பக்கத்து மூத்தவர்களுக்கு எங்கள் மாசிலாமணி-தங்கையன் ஜோடியைத் தெரியும். அண்ணன் கிடார் வாசித்துப் பாடுவார். நான் தப்பு அடித்துப் பின்பாட்டுப் பாடுவேன். நாகப்பட்டினத்தில் கப்பல் வேலை பார்த்த ஒருவர் அந்தக் கிடாரைக் கண்ணீரோடு கொடுத்தார் என்பேன். உண்மையில் அண்ணன் தன் பழைய சைக்கிளைக் கொடுத்து மாற்றிக்கொண்டார். சினிமாவுக்கே எங்களைக் கூப்பிட்டார்கள், நாங்கள்தான் போகவில்லை.

புது ஆட்சி வந்து மேடையெல்லாம் தமிழ் முழங்கிய காலம். வயலில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டால் மட்டும் அடி விழும். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காக ஊர் ஊராகக் கூலிப் பாட்டு பாடினோம். மிராசுதார் ஆட்கள் எந்தப் பக்கம் வருவார்கள் என்று தெரியாததால் முதுகோடு முதுகு ஒட்டி நிற்போம். ஜனங்கள் அதை ஸ்டைல் என்றார்கள். பயம்தான். அவர் முதுகு நடுங்குவது எனக்குத் தெரியும், என்னுடையது அவருக்கு. என் பக்கம் ஆள் தெரிந்தால் குதிகாலால் அவர் காலை இடிக்க வேண்டும். உடனே கூலிப் பாட்டு மாரியம்மன் பாட்டாகிவிடும். அடிக்க வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனதும் உண்டு.

ஒரு நாள் அறுவடைக் களத்தில், பட்டப்பகலில், என் பக்கத்து வரப்பில் தடியோடு வந்தார்கள். நாற்பது பேர் இல்லை, நான்கு பேர். பார்த்தேன். கால் எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணன் கூலிப் பாட்டையே பாடிக்கொண்டிருந்தார். என்னைத் தாண்டிப் போய் அவர் இடது கையில் அடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் சங்கத்தார் கேட்டபோது, "தங்கையன் இடிச்சான்யா. நான்தான் பாட்டு வேகத்துல கவனிக்கல" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு விரல் மடங்கியது மடங்கியதுதான். மிச்ச விரல்களை வைத்தே வாசித்தார். அப்படி வாசித்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். இதில் நான் கூட்டிச் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் மேடையேறத் தயங்கினேன். "திரும்பி நில்லுடா. பின்னால நீ நிக்கிற தைரியத்துலதான் நான் வாயே தொறக்குறேன்" என்றார். அன்று முழுக்க நான் கண் சிமிட்டவில்லை.

பிறகு கதை கட்டினேன். நான்கு பேர் பத்தாகி, இருபதானார்கள். "போன பொங்கலுக்குப் பதினஞ்சு பேருதானடா? மத்தவனுவ பஸ்ஸ விட்டுட்டானுவளா?" என்பார் அண்ணன். இன்றைக்குச் சொல்லிவிடுவாரோ என்று ஒவ்வொரு முறையும் அவர் வாயையே பார்ப்பேன். சிரிப்பார், அவ்வளவுதான்.

இழவு வீட்டில் மலர் என்னைப் பாடச் சொன்னாள். ஐஸ் பெட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்று, கூலிப் பாட்டை எடுத்தேன். முதுகு சில்லிட்டது. நடுக்கம் இப்போது என்னுடையது மட்டும். தெருமுனையில் அமரர் ஊர்தி திரும்பியதை நான்தான் முதலில் பார்த்தேன். கண்ணை மூடவில்லை. குதிகாலால் பெட்டியின் காலை இடித்தேன்.

"வந்துட்டாங்கண்ணே" என்று சொல்லி, மாரியம்மன் பாட்டுக்கு மாறினேன்.

தைரியமாகப் போங்கள், அண்ணே. பின்னால் நான் நிற்கிறேன்.