ஏழாம் நம்பருக்கு மரியாதை

பழைய டயரில் பணம் இருக்கிறது என்று கண்டுகொண்ட நாள் முதல் முதலாளிக்கு எதையும் தூக்கிப்போட மனசு வந்ததில்லை, மனிதர்களைத் தவிர. பஞ்சர் ஒட்டத் தொடங்கி, தேய்ந்த டயருக்கு மேல்தோல் போர்த்தி விற்று, அதுவும் தேய்ந்தால் அரைத்துத் தூளாக்கி விற்று, சொந்த ஊர்க் கால்பந்துக் கிளப்பையே வாங்குமளவுக்கு வளர்ந்தவர். வாங்கிய கையோடு மைதானத்துப் புல்லைச் சுரண்டி எறிந்தார். சிமென்ட் போட்டு, பிளாஸ்டிக் புல் விரித்து, விற்காமல் கிடந்த டயர்த் தூளை மேலே கொட்டினார்.

"இதுல விழுந்தா எலும்பு தாங்காது மாமா," என்றான் பயிற்சியாளர். முதலாளியின் மனைவிக்குத் தம்பி என்பதால் அவனுக்கு அந்த வேலை.

"விழாம ஆடச் சொல்லு மாப்ள. விழுறதுக்கா சம்பளம்?"

ஏழாம் நம்பர் சட்டைக்காரன் விழாமல்தான் ஆடினான். ஊர் அவனைக் குதிரை என்று கொண்டாடியது. கடைசி ஆட்டத்தில் அவன் உதைத்துத் திரும்பியபோது ஷூ அந்தப் புல்லில் மாட்டிக்கொண்டது. பந்து வலைக்குள் போனது, முட்டி வேறு பக்கம் போனது. முதலாளி துள்ளிக் குதித்தார், கோலுக்காக.

ஆபரேஷன் செய்து ஒரு வருஷம் ஓய்வெடுத்தால் மறுபடி ஆடலாம் என்றார் டாக்டர். சட்டை நம்பரோடு ஆட்டக்காரர் பட்டியலில் பெயர் இருக்கும்வரை செலவு கிளப்புடையது. குதிரை ஊன்றுகோலோடு, ரப்பர் வாடை போகாத முதலாளியின் ஏசி அறைக்கு வந்தான்.

"எடத்த மட்டும் வச்சிருங்க மொதலாளி. எனக்கு வேற பொழப்பு தெரியாது."

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "உன் எடத்த எவன்டா எடுப்பான்? விட்டுருவனா நான்?"

சொன்ன சொல் தவறாதவர். அந்த ஞாயிற்றுக்கிழமையே மேடை போட்டு மைக்கைப் பிடித்தார். "இனிமே இந்தக் கிளப்புல ஏழாம் நம்பர் சட்டைய எவனும் போடக்கூடாது! எவனும்!"

கூட்டம் விசிலடித்தது. தன் பேச்சுக்குத் தானே விம்மிய முதலாளிக்கு மனைவி கைக்குட்டை நீட்டினாள். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்த ஏழாம் நம்பர் சட்டையை வாங்க, ஊன்றுகோல் பிடித்திருந்த குதிரைக்குக் கை போதவில்லை. உடைத்துவிடப் போகிறானே என்று முதலாளியே அதைத் திரும்ப வாங்கி, தன் அறையில் மாட்டிக்கொண்டார். குதிரையும் சிரித்துக்கொண்டுதான் நின்றான். 'எவனும்' என்பதில் தானும் அடக்கம் என்பது அவனுக்கு வீட்டுக்குப் போனபிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலை பயிற்சியாளர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "குதிரை கேட்டுல நிக்கிறான் மாமா. ஏழு வேணாமாம். முப்பத்தேழு குடுத்தாக்கூடப் போதுமாம். பேரு லிஸ்ட்ல இருந்தாச் சரியாம்."

முதலாளி பதறிப்போனார். "ஏழு போட்டவன் முப்பத்தேழு போடுறதா? அவனுக்கு வெக்கம் இல்லேன்னா எனக்குமா இல்ல? ஊரே காறித் துப்பும்!"

"அப்ப ஆபரேஷன்?"

"ஆடுறவனுக்குல்ல மாப்ள முட்டி? நீயே போய்ப் பக்குவமாச் சொல்லிடு. நான் சொன்னா அழுதுருவேன்."

அவன் போனதும் முதலாளி ஜன்னலைத் திறந்தார். கீழே ரசிகர்கள் குதிரையின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு குதிரை பயிற்சியாளரிடம் நொண்டி வந்தான்.

"மொதலாளி என்ன சார் சொன்னாரு?"

"உன்ன நெனச்சா அவருக்கு அவ்வளவு பெருமையாம்."

"சரி சார். எந்த நம்பர் சார்?"

பயிற்சியாளர் அண்ணாந்து மேலே பார்த்தான். ஏசி காற்று வீணாகிறது என்று முதலாளி ஜன்னலைச் சாத்தினார்.