குமரேசன் ஓட்டிய வண்டியும் தனலட்சுமி ஓட்டும் வண்டியும்

டிரைவிங் ஸ்கூல் வேலைக்கு முக்கியமாக ஒரு தகுதிதான் வேண்டும்: பக்கத்து சீட்டில் இருப்பவர் புளியமரத்தைப் பார்த்து வண்டியை விடும்போதும் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும்.

திருக்கோகர்ணத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்கள் பேட்ச்சை ரொம்ப வருஷமாக நான்தான் பார்க்கிறேன். தங்கைக்கோ வீட்டுக்காரருக்கோ கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்த வாரம் முழுக்க அவரோடு முகம் கொடுத்துப் பேசாதவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். என் பாடு உங்களுக்கு விளங்கும். ஆனால் நான் சொல்ல வந்தது என்னோடு வேலை பார்த்த குமரேசனையும், அவர் மனைவி தனலட்சுமியையும் பற்றி. கஞ்சா ஒரு வீட்டுக்குள் வந்து வருஷக்கணக்கில் தங்கினால் என்னென்ன ஆகும் என்பதை இவர்கள் பக்கத்தில் இருந்துதான் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

சந்துக்குள் சிக்கிய வேன்

குமரேசன் எங்கள் ஸ்கூலுக்கு வந்த புதிதில் நடந்தது. ஒரு முகூர்த்த நாள். கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் கல்யாண வேன் ஒன்று மாட்டிக்கொண்டது. முன்னால் வரிசையாக ஆட்டோக்கள், இரண்டு பக்கமும் பூக்கடை. வேன் டிரைவர் வியர்த்துப்போய் இறங்கிவிட்டார். உள்ளே பெண் வீட்டார் இருக்கிறார்கள், முகூர்த்தம் நெருங்குகிறது.

டீ குடித்துக்கொண்டிருந்த குமரேசன் கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் ஏறினார். கண்ணாடியை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் அந்த வேன் ரிவர்ஸில் வந்த விதம் இருக்கிறதே! பூக்கடையில் தொங்கிய மாலையை உரசாமல், சாக்கடை ஓரம் சக்கரம் இறங்காமல், ஒரே ஓட்டமாக மெயின் ரோட்டுக்கு வந்து நின்றது. நானும் வண்டி ஓட்டுகிறவள்தான், இருந்தாலும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் சொன்னார்:

“தம்பி, அது வேனா, ஒங்க சட்டையா? இப்படி அசால்டா கழட்டுறீங்க!”

திட்டாத வாத்தியார்

அவர் கஞ்சா இழுப்பது எங்களுக்கு அப்போதே தெரியும். அவர் ஒளிக்கவும் இல்லை. “சிகரெட், தண்ணி எதுவும் கெடையாதுக்கா. இது சாயங்காலம் கொஞ்சம். மனசு அமைதியா இருக்கும்” என்பார். நானும் பயந்துகொண்டுதான் கவனித்தேன். ஒன்றும் ஆகவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த ஒன்றிரண்டு வருஷம் அவர் மாதிரி பொறுமையான ஆளை நான் பார்த்ததில்லை. கிளட்ச்சை எத்தனை தடவை பட்டென்று விட்டாலும் அவர் முகம் மாறாது.

என்னிடம் பழகிக்கொண்டிருந்த பேங்க் மேடம் ஒருவர், நான் கொஞ்சம் சத்தம் போட்ட அன்று ஓனரிடம் நேராகப் போய்ச் சொன்னார்:

“மிஸ் திட்டுறாங்க சார். குமரேசன் சார் திட்டவே மாட்டாராமே, என்னை அவர் பேட்ச்சுக்கு மாத்தி விடுங்க.”

ஒரே பாடம்

எப்போது மாறியது என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. அப்படி ஒரு நாளே கிடையாது. சாயங்காலம் மட்டும் என்றிருந்தது மத்தியானமும் ஆயிற்று, பிறகு காலையில் எழுந்ததும். விடிகாலை பேட்ச்சுக்கு முதல் ஆளாக வந்து காரைத் துடைத்து வைத்திருப்பவர், ஆட்கள் ரோட்டில் காத்து நிற்க, நிதானமாக நடந்து வர ஆரம்பித்தார். கோபித்தால் சிரிப்பார். “நாளைக்குச் சரியா வந்துர்றேன்க்கா” என்பார். அதைச் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். நாளைக்கு வரத்தான் போகிறோம் என்று மனசார நம்பினார்.

அப்புறம் மறதி. நேற்று யாருக்கு எதைச் சொல்லிக்கொடுத்தோம் என்பது நிற்கவில்லை. ஹைஸ்கூல் வாத்தியார் ஒருவருக்கு ஒரு வாரம் முழுக்க ரிவர்ஸ் மட்டுமே சொல்லிக்கொடுத்திருக்கிறார். தினமும் புதுசாகச் சொல்லுகிற மாதிரி, அதே பொறுமையோடு. வாத்தியார் மரியாதைப்பட்ட மனிதர், எதிர்த்துப் பேசத் தெரியாது. கடைசியில் என்னிடம் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார்:

“மிஸ், முன்னாடி போறதுக்கு எப்போ சொல்லிக் குடுப்பாரு? எங்க ஸ்கூலு முன்னாடிதான் இருக்கு.”

சித்தன்னவாசல் ரோட்டில் ஆடுகள்

பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் தடுமாறினால் நாங்கள் மிதிக்க வேண்டியது. ஒரு நாள் என் கார் ஒர்க்‌ஷாப்பில் நின்றதால், குமரேசன் காரிலேயே பின் சீட்டில் நானும் போனேன். ஓட்டியது ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஒரு பெண். சித்தன்னவாசல் போகிற ரோட்டில் டூரிஸ்ட் வண்டிகள் இல்லாத நேரம், நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தோம்.

வளைவு திரும்பியதும் ரோடு முழுக்க ஆடுகள். அந்தப் பெண் அப்படியே உறைந்துபோய்விட்டாள். கால் ஆக்ஸிலேட்டரிலேயே இருக்கிறது. குமரேசன் மிதிப்பார் என்று பார்க்கிறேன், அவர் எங்கோ டிவியில் ஓடுவதைப் பார்ப்பது போல ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். “குமரேசா!” என்று நான் போட்ட சத்தத்தில்தான் அவர் கால் அசைந்தது. வண்டி நின்றபோது ஒரு ஆடு பம்பரில் இடித்து விழுந்து, எழுந்து ஓடியது. அந்தப் பெண் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாள். வேனைச் சட்டை மாதிரி கழட்டிய கைகள் மடியில் சும்மா கிடந்தன. அவர் முகத்தில் பயமும் இல்லை, வருத்தமும் இல்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அன்றைக்கே ஓனர் அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். ஆனால் ஆடுகளை ஓட்டி வந்த அம்மா ரோட்டில் கேட்ட கேள்விதான் எனக்கு மறக்கவில்லை:

“ஆடு பொழச்சுருச்சு, அதை விடுங்க. அந்தத் தம்பிக்கு என்னாச்சு, பயப்படவே மாட்டேங்குது?”

மச்சான் வந்த நாள்

தனலட்சுமியின் அண்ணன் துபாயில் இருந்தார். அங்கே ஒரு கம்பெனியில் டிரைவர் வேலைக்கு ஏற்பாடு செய்து, விசா வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். சிறுநீர் டெஸ்ட் இருக்கிறது என்று தெரிந்து குமரேசன் ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தார். தினமும் இழுத்த உடம்பில் அது அவ்வளவு சீக்கிரம் போகாதாம். டெஸ்ட்டில் தெரிந்துவிட்டது, வேலை போயிற்று. அப்புறம் தனலட்சுமியின் நகையை வைத்து ஒரு குட்டி யானை, அதுதான் சின்ன லோடு வண்டி, வாங்கிக் கொடுத்தார்கள். அதிலும் ஒத்துக்கொண்ட லோடை மறந்தார், சொன்ன நேரத்துக்குப் போகவில்லை. வண்டி வீட்டு வாசலிலேயே நின்றது. பழைய சிநேகிதர்கள் ஒவ்வொருத்தராகக் கழன்றுகொண்டார்கள், சேர்ந்து இழுக்கிறவர்கள் மட்டும் மிச்சம். சொந்தத்தில் விசேஷம் என்றால் பத்திரிகை வரும், கூப்பிட ஆள் வராது.

அண்ணன் லீவில் வந்தபோது, குமரேசனை மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லி எங்கள் ஓனரைக் கேட்க வந்தார். ஓனர் மறுத்துவிட்டார். அண்ணன் திடகாத்திரமான மனிதர், வாசல் வரைக்கும் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

“குடிச்சுட்டு வந்து அடிச்சா தங்கச்சியைக் கூட்டிட்டுப் போயிரலாம்க்கா. இவர் அடிக்கல, திட்டல, ஒரு கெட்ட வார்த்தை பேசல. சும்மா இருக்காரு. என்னன்னு சொல்லி நான் சண்டை போடுறது?”

இந்த மாதிரி ஒருவர் உங்கள் வீட்டிலும் இருந்தால், அந்த அண்ணன் கேட்டதற்கு நீங்களும் பதில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கற்றுக்கொள்ள வந்தவள்

அடுத்த மாதம் தனலட்சுமியே எங்கள் ஸ்கூலுக்கு வந்து நின்றாள். அதுவரை அவள் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. அவர்கள் ஊர்ப் பக்கத்தில் வாழைத்தார், பலாப்பழம், காய்கறி எல்லாம் திருச்சி மார்க்கெட்டுக்குப் போகும். “வண்டி வாசல்ல நிக்குது, சரக்கு தோட்டத்துல நிக்குது. நடுவுல ஓட்டுறதுக்கு ஆள் இல்ல. நான் ஓட்டுறேன்க்கா” என்றாள். காலையில் என்னிடம் காரில் பழகுவாள். மத்தியானம் துணிக்கடை வேலை. சாயங்காலம் தன் குட்டி யானையை வீட்டுக்கு எதிர்ப் பொட்டலில் உருட்டிப் பார்ப்பாள்.

எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். முதல் நாள் ஸ்டியரிங்கை எல்லாரும் பிடிமானத்துக்குப் பிடிப்பது போல இறுக்கிப் பிடிப்பார்கள். இவள் அப்படிப் பிடிக்கவில்லை. இடது காலை மெதுவாக எடுத்தாள், கார் துளிக்கூடக் குலுங்காமல் நகர்ந்தது. பயமாக இல்லையா என்று கேட்டேன். ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“வீட்ல இருக்குறதை நகத்துறதை விட இது லேசாத்தான் இருக்குக்கா.”

பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்டது

முன்னால் போவது சுலபமாக வந்துவிட்டது. குட்டி யானையை ரிவர்ஸ் எடுப்பதுதான் அவளுக்கு வரவில்லை. ஒரு சாயங்காலம் பொட்டலில் வண்டியை இப்படியும் அப்படியும் வெட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்துக்கொண்டு குமரேசன் வாசலில் உட்கார்ந்திருந்தாராம். திடீரென்று எழுந்து வந்து, “கண்ணாடியில சக்கரத்தைப் பாக்காத, சக்கரம் போவ வேண்டிய எடத்தைப் பாரு” என்றாராம். ரொம்ப நாளுக்கப்புறம் அவர் தானாக எழுந்து வந்து பேசியது அதுதான் என்று தனலட்சுமி என்னிடம் சொன்னாள். மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாள் வரவில்லை. பிறகு மறுபடி வந்தார்.

லைசென்ஸ் டெஸ்ட் அன்று ஆர்.டி.ஓ ஆபீஸுக்கு அவரும் டவுன் பஸ்ஸில் வந்து, வேப்பமரத்தடியில் நின்றார். தனலட்சுமி ரிவர்ஸ் எடுத்தாள். ஒரே ஓட்டம், எங்கும் நிற்கவில்லை. அந்தக் கல்யாண வேனை இன்னொரு தடவை பார்த்த மாதிரி இருந்தது. டெஸ்ட் வைக்கிற, எதற்கும் அசராத பிரேக் இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்துக்கொண்டே கேட்டார்:

“யாரும்மா ஒனக்குச் சொல்லிக் குடுத்தது? அந்த ஆளை எங்க வேலைக்கு வச்சிருக்காங்க?”

கீரனூர் டீக்கடை

பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்டது குமரேசன் காதிலும் விழுந்திருக்கிறது. சில நாள் கழித்து, “ஆஸ்பத்திரிக்குப் போலாமா?” என்று அவராகவே கேட்டாராம். தனலட்சுமிதான் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனாள். கஞ்சாவை விடுவது சுலபமாக இல்லை. தூக்கம் வராமல், எரிந்து விழுந்துகொண்டு, சோறு இறங்காமல் கிடந்தார். இடையில் ஒரு தடவை பழைய கூட்டத்தோடு சேர்ந்தும்விட்டார். மறுநாள் காலை அவள் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வாசலில் நிறுத்தினாள், அவர் ஏறி உட்கார்ந்தார். மறுபடி ஆஸ்பத்திரி.

போன வாரம் திருச்சி போகும்போது கீரனூர் டீக்கடையில் அவர்களைப் பார்த்தேன். வண்டி நிறைய வாழைத்தார். குமரேசன் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார், உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. தனலட்சுமி டிரைவர் சீட்டில் இருந்தபடியே டீ குடித்தாள். லைசென்ஸ்தான் இருக்கிறதே, நீங்கள் எப்போது ஓட்டப்போகிறீர்கள் என்று குமரேசனைக் கேட்டேன். முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் பதில் சொன்னார்:

“கை ஓட்டும்க்கா. ஆனா முந்தாநாளு எந்த வழியா வந்தோம்ங்குறது இன்னும் சில சமயம் நெனவுக்கு வரமாட்டேங்குது. அவளே ஓட்டட்டும், நான் பின்னாடி பாத்துச் சொல்றேன்.”

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் வண்டியை எதன் மீதாவது மோதி நிறுத்தியதைப் பார்த்துவிட்டேன். எதிலுமே மோதாமல் ஒரு குடும்பம் நடுரோட்டில் நின்றுபோனதையும், அதை ஒருத்தி இறங்கித் தனியாகத் தள்ளியே ஸ்டார்ட் பண்ணியதையும் அந்த ஒரு வீட்டில்தான் பார்த்தேன்.