புரொப்பெல்லர் இல்லாத படகு

ஆரபியின் இடது காலில் இரண்டு விரல்கள்தான் உண்டு. சிங்கப்பூரின் தெம்பனிஸில் அவள் வேலை செய்யும் காப்புறுதி அலுவலகத்தில் பல வருடம் பக்கத்து மேசையில் இருப்பவர்களுக்குக்கூட அது தெரியாது. எப்போதும் மூடிய காலணிதான் போடுவாள். நடையிலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் சிராங்கூன் ரோட்டுக் கோயில்களுக்குள் காலணியோடு போக முடியாதே. அங்கே யாராவது பார்த்துவிடுவார்கள், உடனே என்ன ஆச்சு என்று கேட்பார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் ஜனகன் பதில் சொல்லிவிடுவான்.

"பத்தொன்பது வயசுல போட்ல போனோம், உபின் தீவு பக்கம். ஓடற போட்லேர்ந்து குதிக்காதேன்னு நான் சொல்லச் சொல்லக் குதிச்சா. புரொப்பெல்லர் சும்மா விடுமா?"

கேட்டவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். துடுக்கான பெண் போலிருக்கிறது என்று அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். கல்யாண வீடுகளிலும் பிறந்தநாள் விருந்துகளிலும் அவன் இதைச் சொல்லாத வருடமே இல்லை. போகப் போகக் கதைக்குக் கைகால் முளைத்தது. அவளைக் காப்பாற்ற அவன் கடலில் பாய்ந்ததாகவும் ஒரு பகுதி சேர்ந்துகொண்டது.

நடந்தது வேறு. படகு ஜனகனின் நண்பனுடையது. இஞ்சினை நிறுத்திவிட்டு எல்லோரும் நீந்தினார்கள். ஆரபி கடைசியாகத் திரும்பி வந்து, பின்பக்க ஏணியை இரண்டு கைகளாலும் பிடித்து, ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தாள். மற்றக் கால் தண்ணீரில், புரொப்பெல்லரின் சுழல் தகடுகளுக்கு அருகே இருந்தது. ஜனகன் திரும்பிப் பார்க்காமல் இஞ்சினைக் கிளப்பிப் படகைப் பின்னுக்கு எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மயக்கம் தெளிந்தபோது அண்ணனின் கதை வீட்டில் நிலைபெற்றுவிட்டிருந்தது. அப்பா கட்டிலருகே நின்று, பெண் பிள்ளைக்கு ஏன் இந்தத் துள்ளல் என்று திட்டினார். அப்படி நடக்கவில்லை என்று சொல்ல அவள் இரண்டு முறை முயன்றாள். இரண்டு முறையும் அம்மா இரஞ்சிதம் குறுக்கே புகுந்து, விடு, அவனும் பயந்துபோயிருக்கிறான் என்று அடக்கிவிட்டாள். அப்பா அண்ணனின் கதையையே நம்பிக்கொண்டு செத்தும் போனார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆரபிக்குக் கடல்மேல் கோபம் வந்ததில்லை. சனிக்கிழமைகளில் மகள் மேனுகாவை ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு நீந்த அழைத்துப்போவாள். காரை வைத்திருப்பதற்கான சிஓஇ உரிமம் முடிந்தபோது, இனி எம்ஆர்டி ரயில் போதும் என்றான் கணவன் துவாரகன். அப்படியானால் காருக்குப் பதில் ஒரு போட் வாங்கலாமா என்று அவள் கேட்டாள். அவன் விளையாட்டாகச் சரி என்று சொல்லிவைத்தான். அவளோ படகு ஓட்டும் லைசன்ஸுக்குப் படித்து, பரீட்சை எழுதி, பாஸாகிவிட்டு வந்து அவன்முன் நின்றாள்.

எந்தப் படகு என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் குழப்பமில்லை. ஜெட் டிரைவ் படகுதான். அது அடிப்பக்கமாகத் தண்ணீரை உறிஞ்சிப் பின்பக்கமாகப் பீய்ச்சி ஓடும். சுழலும் தகடு உள்ளே குழாய்க்குள் இருக்கும். ஆள் ஏறி இறங்கும் இடத்தில், படகுக்கு வெளியே நீட்டிக்கொண்டு எதுவும் சுற்றாது. புதுப்படகு அவர்கள் வசதிக்கு எட்டாது என்பதால் பழைய படகு ஒன்றைத் தேடிப் பிடித்தாள். மிஸ்டர் தியோ என்பவர் விற்கிறார், பொங்கோல் பக்கம் ஒரு மரீனா படகுத்துறையில் நிற்கிறது, அவருடைய பிள்ளைகள் பெர்த்தில் குடியேறிவிட்டார்கள்.

அம்மா மூலம் ஜனகனுக்குச் சேதி போனது. ரேஸ் கோர்ஸ் ரோட்டு உணவகத்தில் வாழையிலைச் சாப்பாட்டின்போது அவன் அதைக் கையில் எடுத்துக்கொண்டான். ஜெட் போட் என்பது பொம்மை, பிளாஸ்டிக் பை ஒன்று போனால் அடைத்துக்கொள்ளும், எண்ணெயைக் குடிக்கும் என்று அடுக்கினான். தன் நண்பன் நல்ல புரொப்பெல்லர் போட் ஒன்றை விற்கிறான், இரண்டு குடும்பமும் சேர்ந்து வாங்கலாம், ஓட்ட நான் இருக்கிறேன் என்றான். தனக்கு லைசன்ஸ் இருப்பதாக ஆரபி சொன்னது அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. மீன்தலைக் கறியை ஊற்றிக்கொண்டே, தானும் சனிக்கிழமை வருவதாகவும் இல்லாவிட்டால் அவளை ஏமாற்றிவிடுவார்கள் என்றும் சொன்னான். புரொப்பெல்லர் என்ற சொல்லை அவள் முகத்தைப் பார்த்தபடி இவ்வளவு சாதாரணமாகச் சொல்ல இந்த மனிதனால் எப்படி முடிகிறது?

சனிக்கிழமை துவாரகனுக்கு வேலை இருந்தது. ஆரபியும் மேனுகாவும் ஜனகனும் போனார்கள். மிஸ்டர் தியோ எதையும் மறைக்கவில்லை. பிளாஸ்டிக் பை அடைக்கும்தான் என்றார். உப்புத் தண்ணீரில் ஓடியபின் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் விட்டு அலசவேண்டும் என்றார். ஜெட் என்றாலும் இஞ்சின் ஓடும்போது பின்னால் யாரும் இருக்கக் கூடாது, நீளமுடி உள்ளே இழுபடும் என்று மேனுகாவின் பின்னலைக் காட்டினார். ஆரபி பின்பக்க மேடையில் குப்புறப் படுத்து, அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். வழவழவென்ற ஒரு குழாய் வாய், அவ்வளவுதான். எழுந்திருக்க அவளுக்கு மனமே வரவில்லை.

கடலில் முதலில் அவள் ஓட்டினாள். கிளம்புமுன் மிஸ்டர் தியோ ஒன்றை இரண்டு முறை சொல்லியிருந்தார். ஜெட் படகில் வேகப்பிடியை முழுக்க விட்டுவிட்டால் சக்கரத்தைத் திருப்பினாலும் படகு திரும்பாது. திரும்பவேண்டும் என்றால் கொஞ்சமாவது வேகம் கொடுக்கவேண்டும். ஜனகன் எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டினான். பிறகு, திரும்பும் வழியில், நகரு என்று அவள் தோளைத் தட்டி இருக்கையைப் பிடித்துக்கொண்டான்.

படகுத்துறையை நெருங்கியபோது ஒரு பெரிய படகு குறுக்கே வந்தது. ஜனகன் பதறி வேகத்தை முழுக்க விட்டுச் சக்கரத்தை ஒடித்தான். படகு திரும்பவில்லை, வந்த வேகத்தில் துறையை நோக்கி நேராகப் போனது. முன்பக்கத்தில் மேனுகா காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஆரபி பாய்ந்து அவளை அக்குளில் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாள். மிஸ்டர் தியோ எட்டிப் பிடியைப் பின்னுக்குத் தள்ளினார். படகு உறுமி, வேகம் குறைந்து, துறையின் ரப்பரில் மோதி நின்றது. பிள்ளையின் கால் இருந்த இடம் அந்த ரப்பரில் அழுந்தி இருந்தது.

ஜனகன்தான் முதலில் பேசினான். "நான் சொன்னேன்ல, இந்த போட்டுக்கு ஸ்டியரிங் சரியில்ல. மேனுகாகிட்ட காலை உள்ள எடுன்னு அப்பவே சொன்னேன். கேட்டாதானே."

"மாமா, நீங்க அப்படி சொல்லவே இல்ல," என்றாள் மேனுகா.

"சொன்னேன் லா. காத்து சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது."

ஆரபிக்கு உடம்பு முழுவதும் சூடேறியது. குரலை உயர்த்தவில்லை. அந்தக் கோபத்திலும் 'நீங்க'வை விடவில்லை.

"அவகிட்ட நீங்க ஒண்ணுமே சொல்லலண்ணா. அன்னிக்கு என்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. நான் ஓடற போட்லேர்ந்து குதிக்கல. ஏணியில நின்னேன். ரெண்டு கையும் ஏணியில இருந்துச்சு. நீங்க திரும்பிப் பாக்காம ஸ்டார்ட் பண்ணீங்க."

மிஸ்டர் தியோவுக்குத் தமிழ் புரியாது; ஆனாலும் விஷயம் புரிந்தவர்போல் கயிற்றைக் கட்டும் சாக்கில் இறங்கிப் போய்விட்டார்.

"எத்தனை வருஷத்துக் கதை. இப்ப எதுக்கு, பிள்ளை முன்னாடி?" என்றான் ஜனகன்.

"பிள்ளை முன்னாடிதான் சொல்லணும். உங்க கதையை இவ முன்னாடிதானே இத்தனை நாளா சொல்லிட்டு இருந்தீங்க."

ஜனகன் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி இருக்கையில் எறிந்துவிட்டுக் கார்பார்க் பக்கம் நடந்தான். ஆரபியும் மேனுகாவும் பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். வழியில் மேனுகா தாயின் காலணியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் தோ பாயோவிலிருந்து அம்மா டாக்சியில் வந்து இறங்கினாள். ஜனகன் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, நீயாக ஒரு போன் பண்ணு என்றாள். ஆரபி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், அன்னிக்கு ராத்திரியே ஆஸ்பத்திரில என் மடில விழுந்து அழுதான்," என்றாள்.

ஆரபியின் கை நின்றது. "என்னன்னு சொல்லி அழுதாங்க?"

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது அம்மாவுக்குத் தெரிந்தது. உடனே நிமிர்ந்து, தான் செய்தது சரி என்ற குரலில் பேசினாள். "அப்பாவுக்குத் தெரிஞ்சா அவனை வீட்டை விட்டே துரத்தியிருப்பார். வெளிநாட்டுப் படிப்புக்கு எல்லாம் ரெடியா இருந்துச்சு. உனக்கு விரல்தான் போச்சு. அவனுக்கு வாழ்க்கையே போயிருக்கும்."

இத்தனை காலமும் அண்ணன் பொய் சொன்னான், அம்மா ஏமாந்தாள் என்றுதான் ஆரபி நினைத்திருந்தாள். அம்மாவுக்காகத்தான் பாதிக் கோபத்தை விழுங்கியும் வைத்திருந்தாள். இப்போது விழுங்க இடமில்லை. போனை எடுத்து அம்மாவுக்கு டாக்சி கூப்பிட்டாள். லிஃப்ட் வரை கூடப் போனாள். கதவு மூடும்வரை நின்றாள். திரும்பி வந்ததும் துவாரகனிடம் அந்தப் படகை வாங்கப் போவதாகச் சொன்னாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே மிஸ்டர் தியோவிடம் போய் மெக்கானிக்கை வைத்துக் கழற்றிக் காட்டச் சொல்லி வாங்கிவிடலாம் என்றான். அப்படியே வாங்கினார்கள்.

இரண்டு மாதம் அண்ணன் தங்கைக்குள் பேச்சில்லை. பள்ளி விடுமுறையில் ஜனகனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. பிள்ளைகள் போட்டில் வர ஆசைப்படுகிறார்கள், கூட்டி வரலாமா என்று கேட்டிருந்தான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. பிள்ளைகள் வரட்டும், நீங்கள் வரவேண்டாம் என்று ஆரபி பதில் போட்டாள். அண்ணி ஒருமுறை போன் செய்து இறங்கி வரச் சொல்லிப் பார்த்தாள். ஆரபி இறங்கவில்லை.

ஜனகனே பிள்ளைகளை மரீனாவில் இறக்கிவிட்டான். கார்பார்க்கைத் தாண்டி வரவில்லை. ஆரபி மேனுகாவோடு சேர்த்து மூன்று பிள்ளைகளுக்கும் லைஃப் ஜாக்கெட்டை இழுத்துக் கட்டினாள், நீளமுடி உள்ளவர்களைச் சுருட்டிக் கொண்டை போடச் சொன்னாள். நீந்தும்போது சாவி தன் கழுத்தில்தான் இருக்கும், கடைசி ஆள் ஏறி உட்கார்ந்தபிறகுதான் அது துவாரத்துக்குள் போகும் என்றாள். அண்ணன் மகன் ஏன் அத்தை என்று கேட்டான்.

அவள் காலணியைக் கழற்றிக் காட்டி, நடந்ததை நடந்தபடி அவனுக்குச் சொன்னாள். யார் இஞ்சினைக் கிளப்பியது என்பதையும் சொன்னாள். பையன் கரையில் நின்ற தன் அப்பாவின் காரைத் திரும்பிப் பார்த்தான். அவனைப் பார்க்க ஆரபிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்களா என்று ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுப் படகைக் கிளப்பினாள்.