மார்கரெத்தாவுக்கு ஒரு நாள்

சின்ன வயதில் நான் நெருங்கிப் பழகிய செத்தவர்கள் எல்லோரும் ஜெர்மன்காரர்கள். எங்கள் ஆட்களில் செத்தவர்கள் சாமித்தட்டில், சந்தனப் பொட்டும் பிளாஸ்டிக் மாலையுமாகப் படத்துக்குள் இருந்தார்கள். அவர்களைப் பற்றி வீட்டில் யாரும் அதிகம் கதைப்பதில்லை. ஜெர்மன்காரர்களோ ஒரு முழுச் சுவரையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாருக்கு எத்தனை பிள்ளை, யார் குடிகாரன், யார் காய்ச்சலில் போனார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

அந்தச் சுவர் பலெர்மோவில், பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால், அம்மா வேலை செய்த வீட்டில் இருந்தது. வீட்டுக்காரர் ஓர் அமெரிக்கர். பலெர்மோப் பெண்ணைக் கல்யாணம் செய்து இங்கே வந்தவர், மனைவி போன பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. நேரில் அம்மாவுக்கு அவர் 'சிஞ்ஞோரே', அதாவது இத்தாலியனில் ஐயா, எங்கள் வீட்டுக் கதையில் 'அமெரிக்கன் கிழவர்'. பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விட்டால் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அப்பா வியா மக்வேதா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினார். ஆகவே நானும் காலையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கபோச் சந்தையில் மீன்காரர் ஊற்றிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி, வேலைக்குப் போவேன்.

கிழவரின் வீட்டு நடை நீளமானது. தெருக்கதவு தொடங்கிக் குசினி வரைக்கும் தாள்களை ஒட்டி, தன் பரம்பரையை எழுதி வைத்திருந்தார். குசினிப் பக்கம் அவருடைய பெயர். அங்கிருந்து கோடுகள் கிளம்பி, அப்பன், பாட்டன், பூட்டன் என்று பின்னோக்கிப் போய்த் தெருக்கதவடியில் ஒரு ஜெர்மன் கிராமத்தில் நின்றன. பிறந்ததற்கு ஒரு நட்சத்திரம், இறந்ததற்கு ஒரு சிலுவை. அத்தனை சனம் ஒரு சுவரில்! நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். அம்மாவுக்கு வேறு கவலை. செத்த ஆட்களுக்குக் கூட்டுகிற தும்புத்தடியைக் காட்டக் கூடாதாம். அந்த நடையை மட்டும் அவர் எந்நாளும் குனிந்து துணியால்தான் துடைத்தார். கிழவர் அதைப் பலெர்மோவில் இல்லாத துப்புரவு என்று புகழ்ந்தார். அம்மாவும் திருத்தவில்லை.

ஜெர்மன் என்றால் எனக்குப் பெரியம்மா இருக்கிற ஊர். எங்கள் வாயில் அவர் ஜெர்மன் பெரியம்மா. சுவரில் இருப்பவர்கள் ஜெர்மன் ஆட்கள் என்று தெரிந்ததும், அவர்களுக்கு எங்கள் பெரியம்மாவைத் தெரியுமா என்று கிழவரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, அது நல்ல மனுசருக்கு அடையாளம். அவர்கள் வெளிக்கிட்டுப் போன பிறகுதான் என் பெரியம்மா அங்கே வந்திருக்கிறார் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு என்னைச் சுவரில் ஓரிடத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு பெயருக்கு நட்சத்திரம் இருந்தது, சிலுவை இல்லை. மார்கரெத்தா.

அமெரிக்கா இங்கிலாந்து ராசாவின் கையில் இருந்த காலம். தாய், தகப்பன், ஒரு பெடியன், அவனுக்கு இளையவள் இந்த மார்கரெத்தா. ஊரில் பிழைக்க வழியில்லாமல் கப்பல் ஏறினார்கள். நடுக்கடலில் தாயும் தகப்பனும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். கரைக்கு வந்தால், செத்தவர்களின் கப்பல் கூலியையும் பிள்ளைகள்தான் உழைத்துத் தீர்க்க வேண்டுமாம். பெடியனை ஒரு விவசாயி கூட்டிப் போனான், தங்கச்சியை இன்னொருவன். துறைமுகத்திலேயே இரண்டு வண்டிகளும் இரண்டு பக்கமாகத் திரும்பின. அந்தப் பெடியனின் வழியில் வந்தவர் கிழவர். தங்கச்சிக்கு என்ன நடந்ததென்று யாருக்கும் தெரியாது. அதைத்தான் அவர் தலை நரைத்த நாள் தொட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

கப்பலால் இறங்கும்போது அவளுக்கு என் வயது. என்னை யாராவது தொலைத்தால் பொழுதுபடும் வரைக்கும் தேடுவார்கள், மிஞ்சினால் அடுத்த நாளும் தேடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இருநூறு வருடம் கடந்தும் ஒருத்தியைத் தேடலாம் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்குச் சோற்றுக்கு முன்னால் அப்பாவிடம் முழுக்க ஒப்புவித்தேன். அவர் மீன்முள்ளை எடுத்தபடி, "அப்ப அவையளும் எங்களை மாதிரி ஏஜென்சிக்காரனை நம்பித்தான் வெளிக்கிட்டிருக்கினம்" என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

அம்மாதான் விடவில்லை. அவருடைய இத்தாலியன் சவர்க்காரம், ஜன்னல், நாளைக்கு என்ற அளவில் நின்றுவிடும். மற்றதெல்லாம் என் வாயால்தான் போக வேண்டும். அடுத்த நாள் துணியைக் கையில் பிடித்தபடி அந்தப் பெயருக்கு முன்னால் நின்று, "ஏன் இவவுக்குச் சிலுவை போடேல்லை எண்டு கேள்" என்றார். கேட்டேன். அவள் புதைக்கப்பட்ட இடத்தைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் போட மாட்டேன் என்றார் கிழவர். உயிரோடு இருக்க வழியில்லை என்று தனக்குத் தெரியும், ஆனாலும் அறியாமல் போட மனம் வராது என்றார். தமையன் தேடவில்லையா என்று அம்மா கேட்கச் சொன்னார். தேடினானோ தெரியாது, ஆனால் தன் முதல் மகளுக்கு மார்கரெத்தா என்று பெயர் வைத்தான், அந்தக் குழந்தை செத்துப்போக அடுத்த மகளுக்கும் அதே பெயரை வைத்தான் என்றார் கிழவர். நான் அதைத் தமிழில் சொன்னபோது அம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் அப்போது ஒரு படச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஊரில் யுத்தத்தில் காணாமல் போன அம்மாவின் தம்பியின் படம். சைக்கிளில் ஒரு காலை ஊன்றிச் சிரித்துக்கொண்டு நிற்பார். அது சாமித்தட்டில் இல்லை, டிவிக்குப் பக்கத்தில், உயிரோடு இருக்கிற ஆட்களின் படங்களோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெர்மன் பெரியம்மா போன் எடுப்பார். ஊரில் யுத்தம் முடிந்து இவ்வளவு காலம், இருந்தால் ஒரு சத்தம் வந்திருக்கும், ஐயரைக் கூப்பிட்டுச் செய்ய வேண்டியதைச் செய்து படத்துக்கு மாலையைப் போடு, அவன் ஆவியாக அந்தரித்துத் திரியக் கூடாது என்பார். ஸ்பீக்கரில் போட்டுக் கதைப்பதால் எனக்கும் கேட்கும். அம்மா ஓம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். "பிறகு பாப்பம் அக்கா." ஒரு மாலைக்கு இவ்வளவு இழுபறியா என்று எனக்கு அலுப்பாக இருக்கும். கடைசியில் பெரியம்மா நாள் குறித்துவிட்டார். ஆவணி பிறக்கத் தானே நேரில் வருவேன் என்றார்.

அந்த மாதம் முழுக்க அம்மா கிழவரின் வீட்டுப் படியேறியதும் கேட்கிற முதல் கேள்வி, "கிடைச்சாவோ?" என்பதுதான். முதல் சில நாள் நான் மொழிபெயர்த்தேன். பிறகு தேவைப்படவில்லை. கதவைத் திறக்கும்போதே கிழவர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிவிடுவார். அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வாளியை எடுப்பார்.

பெரியம்மா வருவதற்கு முந்தின வாரம் ஒரு காலை, நாங்கள் மணி அடிக்க முதலே கதவு திறந்தது. கிழவர் சவரம் செய்யாமல், கண் சிவந்து நின்றார். கையில் மடிக் கொம்பியூட்டரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அதில் ஒரு கல்லறைக் கல்லின் படம். யாரோ ஒரு முகம் தெரியாத பெண், அமெரிக்காவில் கவனிப்பாரற்ற ஒரு கோயிலின் கல்லறைக் காட்டுக்குள் பாசியைச் சுரண்டி, படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கல்லில் மார்கரெத்தாவின் பெயர், பிறந்த கிராமம், தகப்பனின் பெயர், பிறகு வந்த கணவனின் பெயர், எல்லாம் வெட்டியிருந்தது. அவள் வளர்ந்திருக்கிறாள். கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, பேரப்பிள்ளை கண்டு, கிழவியாகி அடங்கியிருக்கிறாள். தமையனின் காணியிலிருந்து ஒரு மலையைத் தாண்டினால் அவள் வீடு.

அந்த வீட்டில் ஒருநாளும் உட்காராத அம்மா அங்கிருந்த கதிரையில் உட்கார்ந்தார். "அப்ப அவ இருந்திருக்கிறா," என்றார். நான் ஓம் என்றேன். "தமையனுக்குத் தெரியுமாமோ?" கேட்டேன். அது தெரியாது என்றார் கிழவர். தெரிந்துகொள்ள இனி வழியுமில்லை.

பிறகு அவர் என்னைச் சுவரடிக்குக் கூப்பிட்டார். தன் கறுப்புப் பேனையைத் திறந்து என்னிடம் நீட்டினார். இவ்வளவு நாளும் வெறுமையாக இருந்த அந்த இடத்தில் சிலுவையை நீதான் போட வேண்டும், தொலைந்தபோது அவளுக்கு உன் வயது என்றார். ஒரு முக்காலியை இழுத்து வைத்தார். நான் ஏறினேன். அந்தச் சுவரை விரலால் தொடக்கூட எனக்கு அனுமதி இருந்ததில்லை, இப்போது அதில் எழுதப் போகிறேன். பேனையின் நுனி தாளில் படப்போகிற நேரம், அம்மா எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேண்டாம் எண்டு சொல்லு," என்றார். "இண்டைக்குத்தானே அவ கிடைச்சவ. ஒரு நாளாவது இருக்கட்டும்."

எனக்குச் சொல்ல விருப்பமே இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இத்தாலியனில் சொன்னேன். கிழவர் முக்காலியடிக்கு வந்தார். பிறகு என் கையிலிருந்து பேனையை வாங்கி, மூடியைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு அம்மா நடையைத் துடைக்கும்போது அவரும் பக்கத்தில் சும்மா நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தானாகவே ஜெர்மனுக்குப் போன் எடுத்தார். அதற்கு முன் அவர் பெரியம்மாவை எதிர்த்துக் கதைத்ததை நான் கேட்டதில்லை. "நீங்கள் வாங்கோ அக்கா. பாக்க எனக்கும் ஆசைதான். மாலை மட்டும் கொண்டு வராதேங்கோ." அந்தப் பக்கம் கத்துகிற சத்தம் கேட்டது. அம்மா போனைக் காதில் வைத்தபடியே, டிவிக்குப் பக்கத்திலிருந்த சைக்கிள் படத்தை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்துத் திரும்பவும் அதே இடத்தில் வைத்தார்.

நான் அவரோடு கதைக்காமல் போய்ப் படுத்துவிட்டேன். எனக்குக் கிடைத்த ஒரேயொரு சிலுவையை அம்மா போட விடவில்லை என்று அவ்வளவு கோபம். செத்து இருநூறு வருடமான ஒருத்திக்கு இன்னும் ஒரு நாள் எதற்கு என்று எனக்கு விளங்கவேயில்லை.