எந்தக் கழுதை?

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் அந்த ஆண்டு படித்த புத்தகங்களை மேசைமேல் அடுக்கிப் படம் எடுத்துப் போடுகிறார்கள். பக்கத்தில் கட்டாயம் ஒரு காபிக் கோப்பை இருக்கும். காபி ஆறிப்போய் ஆடை படிந்திருப்பது படத்திலேயே தெரியும். நான் வேலை பார்க்கும் ஊரில், வாடகை அறையில் படுத்துக்கொண்டு அதையெல்லாம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பேன். "நீதான் நிறையப் படிப்பியே, உனக்குப் பிடித்ததைப் போடேன்" என்று சிலர் கேட்கிறார்கள். போடலாம்தான். ஆனால் நான் உயிரைக் கொடுத்துப் படித்த ஆண்டு என்று ஒன்று உண்டென்றால் அது எனக்குப் பத்து வயதான ஆண்டு. அன்றைக்குப் படித்த புத்தகங்களில் ஒன்றுக்குக்கூட எனக்குப் பெயர் தெரியாது.

அந்த ஆண்டு பொங்கல் கழிந்ததும் அம்மா மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே தவறிவிட்டார். என்னைப் பாளையங்கோட்டையில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுத்தான் அம்மா விமானம் ஏறினாள். பெரியம்மா அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. அக்காவும் தங்கையும் பிறந்து வளர்ந்ததே அந்த வீட்டில்தான். பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் பிள்ளைகள் இல்லை. ஆக, அந்தப் பெரிய வீட்டில் நாங்கள் மூன்று பேர், ஆளுக்கொரு அறையில். சாப்பிடும்போது தட்டில் கை படுகிற சத்தம் கேட்கும்.

பெரியம்மா கெட்டவள் இல்லை, கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் விட்டதை வீட்டில் பிடிப்பாள். அவளுக்குக் கதைப்புத்தகம் என்றாலே ஆகாது. எங்கள் பக்கம் படிப்பது என்றால் பாடம் படிப்பதுதான். கதைப்புத்தகத்தை யாரும் படிப்பதாகச் சொல்ல மாட்டார்கள். 'வச்சுக்கிட்டு இருக்கா' என்பார்கள். வந்த புதிதில் ஒருநாள் பக்கத்து வீட்டிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகையை நான் வைத்துக்கொண்டு இருந்தேன். பெரியம்மா அதைப் பிடுங்கி அலமாரிமேல் எறிந்தாள்.

"ஒங்கம்மா அங்கன ஒத்தையில கெடந்து சீரழியுதா, நீ இங்கன கதையா வச்சுக்கிட்டு இருக்கே? அவளுக்குத் தெரிஞ்சா நெஞ்சு வெடிச்சிரும். மார்க்கு மட்டும் கொறையட்டும், ஹாஸ்டல்ல கொண்டு தள்ளிருதேன்."

அம்மாவின் நெஞ்சு வெடிக்கும் என்பதை நான் அப்படியே நம்பினேன். ஹாஸ்டலையும் நம்பினேன். அன்றைக்கு அழவில்லை. மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தேன்.

இதற்குப் பிறகுதான் பெரியப்பாவின் திருட்டுத்தனம் ஆரம்பித்தது. பெரியப்பா ஓர் அலுவலகத்தில் கிளார்க். வீட்டில் அவர் குரலை அதிகம் கேட்க முடியாது. பெரியம்மா இருவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். சாயங்காலம் வந்ததும் சாப்பாட்டுப் பையை அடுக்களை ஆணியில் மாட்டிவிட்டுக் கால் கழுவப் போவார். அந்தப் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துக் கழுவுவது என் வேலை. ஒரு சனிக்கிழமை கையை விட்டேன். டிபன் பாக்ஸுக்கு அடியில் கிளை நூலகத்துப் புத்தகம் ஒன்று இருந்தது. திரும்பிப் பார்த்தால் வாசலில் பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

"பெரியம்மாகிட்ட மூச்சு விடாத, என்ன?" என்றார். அந்த வாரம் முழுக்க அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு புத்தகம் வந்தது. எல்லாமே பழசு. நூலகத்தில் கறுப்புத் துணி ஒட்டி பைண்டு செய்து, முதுகில் வெள்ளை மையால் நம்பர் எழுதியிருப்பார்கள். பைண்டு செய்தவன் அட்டையையும் முதல் தாளையும் தேவையில்லை என்று நினைத்திருக்க வேண்டும். ஆகவே எல்லாக் கதையும் நடுவில் யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது நாம் உள்ளே நுழைவதுபோலத்தான் ஆரம்பிக்கும். எல்லாவற்றிலும் புளிச்சோற்று வாசனை அடித்தது.

எனக்குப் பிடித்தவை என்று கேட்டால் சொல்கிறேன். உப்பளத்துக்கு நடுவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஒருத்தியின் கதை. இதுவரை கேட்காத பொய்யைச் சொல்கிறவனுக்கு அவள் சும்மா சோறு போடுவாள். நாய்க்குப் பயந்த துப்பறிவாளன் ஒருவன். திருடனைவிட நாயிடமிருந்து தப்பிப்பதுதான் அவனுக்குப் பெரும்பாடு. விடுமுறைக்கு முந்தின நாள் மணிக்கூண்டுக்குள் தெரியாமல் பூட்டப்பட்ட ஒரு பையன், வெளியே யாராவது கவனிக்கட்டும் என்று கடிகாரத்தைத் தப்பாக ஓட விடுவான். ஊரே அவன் காட்டிய நேரத்துக்குத் தூங்கி எழும். நடுவில் ஒரு வாரம் தேனீ வளர்ப்பதைப் பற்றி ஒரு புத்தகம் வந்தது. அதில் கதையே இல்லை. வேறு வழியில்லாமல் அதையும் இரண்டு தடவை படித்தேன்.

தொட்டி நிழல் நகர நகர நானும் நகர்ந்து உட்கார்ந்து படிப்பேன். கோயில் மணி அடித்தால் விளக்கு வைக்கும் நேரம். (எங்கள் ஊரில் மாதா கோயில், வேதக் கோயில் என்று எந்தச் சர்ச்சும் கோயில்தான்.) அதற்குள் கதை முடிந்துவிடும். முடிந்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். யாரிடமாவது அதைச் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் டிவி சீரியலைப் பற்றிப் பேசினார்கள். பெரியப்பாவிடம் ஒருமுறை உப்பளத்துக்காரியைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் பெரியம்மா இருக்கும் திசையைப் பார்த்துவிட்டு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மாவிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. அம்மா நெஞ்சு வெடிக்குமே என்று அதையும் விழுங்கிக்கொண்டேன். அவ்வளவு பேர் நிறைந்த கதைகளைப் படித்துவிட்டு, சொல்ல ஓர் ஆளில்லாமல் படியிறங்கி வந்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா கூப்பிடுவாள். அங்கே அவளுக்கு இராத்திரி டியூட்டி முடிந்து படுக்கப்போகும் நேரம். பெரியம்மா செல்போனை ஹாலில் வேதப்புத்தகத்தின்மேல் சாய்த்து வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். சாப்பிட்டியா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா எல்லாம் ஆன பிறகு அம்மா குரலைக் கொஞ்சம் தாழ்த்திக் கேட்பாள்.

"என்ன படிக்கே?"

"கணக்குல பின்னம் படிக்கேன்மா."

"பொறவு?"

"சமூக அறிவியல்ல ரெண்டாம் பாடம்."

"வேற ஒண்ணும் படிக்கலியா?"

"அறிவியலும் படிக்கேன்மா."

பெரியம்மா மெச்சிக்கொள்வதுபோலத் தலையாட்டுவாள். பெரியப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். "சரி, நல்லா படி" என்று சொல்லி அம்மா வைத்துவிடுவாள். ஒவ்வொரு வாரமும் இதே கேள்வி. எவ்வளவு படித்தாலும் இவளுக்குப் போதவில்லையே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. வயிற்றுவலியா, பயமா, யாரோடு விளையாடுகிறாய் என்று கேட்டால் என்னவாம்?

வேலைக்குப் போய் முதல் முறை ஊருக்கு வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பெரியப்பாவுக்கு ஒரு சட்டை வாங்கி வந்திருந்தேன். நீங்கள் எடுத்துத்தந்த புத்தகங்கள்தான் என்னை ஆளாக்கின என்று கொஞ்சம் மேடைப் பேச்சாகவே சொன்னேன். அவர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எனக்குக் கதையப் பத்தி என்னட்டி தெரியும்? ஒங்கம்மால்லா சொல்லுவா. வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு போன் போட்டு, 'அத்தான், இந்த வாரம் இத எடுத்துக் குடுங்க'ம்பா. எல்லாம் அவ சின்னப்பிள்ளையில அதே லைப்ரரியில படிச்சதாம். 'நான் சொன்னேன்னு சொல்லிராதிய, சொன்னா பாடம் மாதிரி படிச்சிருவா, அவளா வந்து எங்கிட்ட சொல்லட்டும்'னுட்டா." பிறகு கூச்சத்தோடு, "தேனீ புத்தகம் மட்டும் நானா எடுத்தது. அந்த வாரம் அவ போன் வரல. நல்லாத்தான இருந்துச்சு?" என்றார். ரொம்ப நன்றாக இருந்தது என்றேன். வேறென்ன சொல்வது?

அம்மா வாராவாரம் பாடத்தைக் கேட்கவே இல்லை. பெரியம்மா பக்கத்தில் இருப்பது தெரிந்து, அவளுக்குப் புரியாமல் எனக்கு மட்டும் புரியட்டும் என்று அந்த ஒரு வார்த்தையில் கேட்டிருக்கிறாள். அம்மாவுக்கும் அங்கே பேச ஆளில்லை. அவள் கேட்டது கதையை. நான் வாராவாரம் பின்னத்தைச் சொன்னேன்.

பத்து வயதில் இது எதுவும் எனக்குத் தெரியாது. அந்த ஆண்டின் கடைசிப் புத்தகம் டிசம்பர் முதல் வாரத்தில் வந்தது. மலைக்கிராமங்களுக்குத் தபால் கொண்டுபோகும் ஓர் ஆளும் அவனுடைய கழுதையும். வீட்டில் அவனுக்கு ஒரே ஒரு மகள். மழையும் மூடுபனியுமாக இருக்கும் ஒரு சாயங்காலம் அவன் வழிதவறிவிடுவான். மகள் விளக்கை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். குளம்படிச் சத்தம் கேட்டு ஓடிப்போய்க் கதவைத் திறப்பாள். வாசலில் கழுதை மட்டும் நனைந்துபோய், முதுகில் தபால்பையோடு நிற்கும். அவள் விளக்கை உயர்த்திக் கழுதைக்குப் பின்னால் பார்ப்பாள்.

அதற்குமேல் தாள் இல்லை. யாரோ கிழித்திருந்தார்கள்.

நான் அந்தக் கடைசிப் பக்கத்தை எத்தனை தடவை படித்தேனோ. பைண்டுக்குள் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவினேன். அவன் வந்தானா, இல்லையா? பள்ளிக்கூடத்திலும் அதே நினைப்பு. அந்த வாரம் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. பெரியப்பாவும் கேட்கவில்லை. தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தேன். கொஞ்சம் விட்டால் கதையே தானாக வளர்ந்து முடிந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

கிறிஸ்துமஸுக்கு அம்மா லீவில் வந்தாள். மெலிந்திருந்தாள். அவள்மேல் வேறு ஏதோ சோப்பு வாசனை. பார்க்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எனக்கு அவள் தனியாகக் கிடைக்கவே இல்லை. கடைசியில் ஒரு மத்தியானம் பெரியம்மா கோயில் ஜோடிக்கப் போய்விட்டாள். அம்மா என் பாயில் வந்து பக்கத்தில் படுத்தாள். நான் அவளை ஒட்டிக்கொண்டேன். தலையணையை இழுத்து வைத்தவள் கையில் புத்தகம் தட்டுப்பட்டுவிட்டது.

அவள் அதை எடுத்தாள். திறக்கவில்லை. முதுகிலிருந்த நம்பரைப் பார்த்தாள், டிபன் பாக்ஸிலிருந்து பட்ட எண்ணெய்க் கறையைப் பெருவிரலால் தேய்த்தாள். போச்சு, ஹாஸ்டல்தான் என்று நான் கண்ணை இறுக்கிக்கொண்டேன். அம்மா என் பக்கமாகத் திரும்பிப் படுத்து, மெதுவாகக் கேட்டாள்.

"கழுதை மட்டும் வாசல்ல வந்து நிக்குமே, அந்த எடம் வந்துட்டியாட்டி?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியம்மா என் தலையணையைச் சோதித்துக் கதையையும் வாசித்து அம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள் என்றுதான் தோன்றியது. இது என் வாயைப் பிடுங்குகிற வேலை. ஆம் என்றால் மாட்டினேன்.

"எந்தக் கழுதை?" என்றேன்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்ல. தூங்கு" என்றாள். புத்தகத்தை முன்பு இருந்தபடியே தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். தப்பித்தோம் என்று எனக்கு அவ்வளவு பெருமை. படித்த ஒருத்திக்குத்தானே அந்தக் கழுதையைத் தெரியும், அவளுக்குத்தானே அந்த ஆள் வந்தானா இல்லையா என்பதும் தெரிந்திருக்கும் என்று பத்து வயது மண்டைக்கு உறைக்கவில்லை. பதில் பக்கத்திலேயே படுத்து என் தலையைக் கோதிக்கொண்டிருந்தது. நான் அதன்மேல் காலைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

புது வருஷம் பிறந்ததும் அம்மா திரும்பிப் போனாள். அதன்பிறகு சனிக்கிழமைகளில் பையில் டிபன் பாக்ஸ் மட்டும்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டாள்.

அந்த நூலகத்தை இப்போது வேறு கட்டிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பழைய புத்தகங்களை எல்லாம் கழித்தாகிவிட்டது என்றார்கள். அம்மா வேலையை முடித்துக்கொண்டு வந்து, அதே வீட்டில் பெரியம்மாவோடு இருக்கிறாள். இப்போது அவளிடம் கேட்டால் என்ன என்பீர்கள். போன கிறிஸ்துமஸுக்குக் கேட்டேன். அடுப்படியில் முந்திரிக்கொத்து சுட்டுக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய் நின்று, ஒன்றும் தெரியாதவள்போல, "அம்மா, அந்தக் கழுதை மட்டும் வாசல்ல வந்து நிக்குமே. பொறவு அந்த ஆளு வந்தானா?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. உருண்டையை மாவில் முக்கி எடுத்தாள்.

"எந்தக் கழுதை?" என்றாள்.

மறந்துவிட்டாளா, மறந்ததுபோல் இருக்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. நான் அங்கேயே நின்றேன். அவள் உருண்டையை எண்ணெயில் விடும்முன் இடது கையால் என்னை ஒதுக்கினாள்.

"தள்ளி நில்லுட்டி, எண்ணெ தெறிக்கும்."