செல்லூர் ஜாடிக்குள் ஒரு சூரியன்

நடந்தவை இவை:

1. செல்லூரில் நான்கு விசைத்தறி ஓட்டிய என் அண்ணன், இரண்டை விற்றுவிட்டு அந்த இடத்தில் ஒரு மேசை போட்டார்.
2. மேசைமேல் ஒரு கண்ணாடி ஜாடி வந்தது. அதில் தண்ணீரும் ஒரு உலோகக் கம்பியும், சுற்றிலும் ஒரு செம்புச் சுருளும் இருந்தன. பக்கத்தில் ரேடியோ அலை அனுப்பும் பெட்டி; தண்ணீரின் சூட்டை எண்ணில் காட்ட, வயர் வைத்த ஒரு வெப்பமானி.
3. இதைக் கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். சரியான அதிர்வெண்ணில் அலை பாய்ந்தால் அணுக்கருக்கள் சூடில்லாமலே இணையும், அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்றார்.
4. பெட்டியின் குமிழைத் திருகியதும் வெப்பமானியில் எண் ஏறியது. தெருவுக்கே லட்டு கொடுத்தார்கள்.
5. பெரிய பெட்டி வாங்க மீதித் தறிகளையும் விற்க முடிவாயிற்று.
6. கருவிப் பொறியியல் படித்தவள் என்பதால், சோதனைத் தாளில் கையெழுத்துப் போட என்னை அழைத்தார்கள்.

சூரியன் தன் நடுவில் கோடி டிகிரிக்கு மேல் கொதித்துச் செய்கிற வேலையை, இவர்கள் மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்து, வடை தின்றுகொண்டே செய்துவிட்டார்களாம்.

"இவரு அணுவ ஒட்ட வைக்கிறாரு, அறுந்த நூல ஒட்டத்தான் ஆளக் காணோம்" என்றார் அண்ணி.

நான் வெப்பமானியின் வயரைப் பார்த்தேன். நீளமாக இருந்த மிச்சத்தை, ஊடைநூல் சுற்றும் தார்க்குச்சியில் அண்ணன் நெருக்கமாகச் சுற்றி, செம்புச் சுருளுக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருந்தார்.

"ஏண்ணே இப்படிச் சுத்துன?"

"வயரு தரையில கெடந்தா மிதிபடும்ல, பாப்பா."

தறிக்காரர் எதையும் தொய்வாக விடமாட்டார். அந்தச் சுற்று ரேடியோ அலையைப் பிடிக்கிற ஏரியல் ஆகிவிட்டது. எண்ணை ஏற்றியது சூடல்ல, அலை.

வயரின் முனையை ஜாடியிலிருந்து எடுத்து, ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரில் போட்டேன். குமிழைத் திருகினேன். எண் அதே போல ஏறியது.

"வெரல விட்டுப் பாருண்ணே."

விட்டார். "சில்லுன்னுதான் இருக்கு."

ஆசிரியர் அசரவில்லை. "டம்ளர்லயும் நடக்குதுன்னா, இது இன்னும் பெரிய கண்டுபிடிப்பும்மா."

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியா பாப்பா? கொழாத் தண்ணியே போதுமாம்!"

குச்சியிலிருந்து வயரைப் பிரித்து, தள்ளி நீட்டிப் போட்டேன். மறுபடி குமிழைத் திருகியபோது எண் அசையவில்லை. ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். நம்பாத ஆள் பக்கத்தில் நின்றால் அலை குலையும் என்றார். நாலு வருடம் கருவிகளைப் படித்த எனக்கு, என் சந்தேகத்துக்கும் ஒரு அதிர்வெண் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

"கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போயேன்" என்றார் அண்ணன். "சார் இம்புட்டுச் சொல்றாருல்ல?"

நான் போடவில்லை.

தறிகள் விற்றாகிவிட்டன. பெரிய பெட்டி வந்துவிட்டது. ஆசிரியர் ஞாயிறுதோறும் வந்து குமிழைத் திருகுகிறார். அண்ணன் அடுத்த சந்தில் வேறொருவர் தறியைக் கூலிக்கு ஓட்டுகிறார். ஜாடித் தண்ணீர் இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது.